இருபதுக்குப் பன்னிரண்டு

பங்குனி பதிமூன்று.
சித்திரைத் தாளைத் தூக்கிப் பார்த்தேன்,
வசந்த ருது என்று பொடியெழுத்தில் போட்டிருக்கிறது.
எர்ணாவூருக்கு எந்த பஸ்ஸில் வரும் அது
என்று போடவில்லை.

வீட்டுக்குப் பின்னால் இருபதுக்குப் பன்னிரண்டடி.
ஒரு ரூம் எழுப்பினால் வாடகை ஆறாயிரம்
என்று சொல்லாதவர்கள் தெருவில் பாக்கியில்லை.
புல் என்ன கொடுக்கும் என்கிறார்கள்.
ஒன்றும் கொடுக்காது.
போன வருஷம் மாதவரம் நர்சரியில் வாங்கிய
கொரியன் புல் கத்திரியில் கருகிப்போனது.
அதன் இடத்தில் யாரையும் கேட்காமல்
அருகு வந்து உட்கார்ந்துகொண்டது.
வாங்கியதை விட வந்தது பரவாயில்லை.

இப்போது அதுவும் கோணிச் சாக்கு நிறம்.
செத்துடுச்சா, என்றாள் ஞானசுந்தரி.
ஒரு கொத்தைப் பிடுங்கிக் காட்டினேன்.
மேலே சருகு.
கீழே கணுவில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளை.
பத்தாதா?

வாரினேன். மாலை ஷிஃப்ட் முடிந்து நாலு நாள்
இரும்பு வாரியால் வாரினேன்.
காய்ந்த புல்லோடு எழும்பி வந்தது
கண்ணுக்குத் தெரியாமல் வருஷம் முழுக்க இறங்கிய சாம்பல்.
மணலியில் எடைமேடையில் உட்கார்கிறவன் நான்,
லாரியைப் பார்த்தாலே டன் சொல்வேன்.
சாக்கில் கட்டி வில்தராசில் தொங்கவிட்டேன்:
ஒன்பது கிலோ நானூறு.
புல் எவ்வளவு, புகைபோக்கி எவ்வளவு,
பிரித்துச் சொல்ல அந்தத் தராசுக்குத் தெரியவில்லை.

தண்ணீருக்கு வீட்டில் சட்டம் உண்டு.
லாரித் தண்ணீர் வாய்க்கு.
அரிசி கழுவியது கறிவேப்பிலைக்கு.
போர் தண்ணீர் உப்பு, கக்கூஸுக்கு.
மாடிக் குடித்தனத்தின் ஏசி
ராத்திரி முழுக்கச் சொட்டுகிற ஒரு பக்கெட்
புல்லுக்கு.
அவர்களுக்குப் புழுக்கம் கூடினால் எனக்கு லாபம்.

ஆனால் மண் வாங்கவில்லை.
ஊற்றினால் நின்றது, யோசித்தது,
சுவரோரமாய் ஓடிப்போய்ச் சாக்கடையில் விழுந்தது.
துளை போடவேண்டும், காற்று போகவேண்டும்.
ஸ்க்ரூ டிரைவரும் சுத்தியலுமாய்க்
குந்தி உட்கார்ந்து இருநூறு வரை எண்ணினேன்.
இருநூற்றி ஒன்றில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

பரணில் இருந்தது அது.
பழைய சூட்கேசுக்குப் பின்னால், பிளாஸ்டிக் பையில்,
ஆறாம் நம்பர், ஆரஞ்சு நிறம்,
காலுக்கு ஏழு ஆணி.
ஸ்பைக்ஸ் என்பாள் பிரிசில்லா.
முழங்காலில் ஜவ்வு கிழிந்து இரண்டு வருஷம் ஆகிறது.
அதைப்பற்றி நாங்கள் பேசுவதில்லை.

கையில் மாட்டிக்கொண்டு
தவழ்ந்து தவழ்ந்து மண்ணைக் குத்திக்கொண்டிருந்தேன்.
பில்லிங் கவுண்டரிலிருந்து வந்தவள்
வாசலில் நின்று பார்த்தாள்.
டிபன் பையைக் கீழே வைத்தாள்.
"குரங்கு மாதிரி இருக்குப்பா. குடு."

லேஸை இழுத்து இரண்டு முடிச்சு போட்டாள்.
சுவரிலிருந்து சுவருக்கு நடந்தாள்.
திரும்பினாள். ஒரு அடி தள்ளி மறுபடி நடந்தாள்.
ஆணி இறங்கும்போது நறுக், எடுக்கும்போது ஒரு சின்ன பொக்.
"அப்ப ஐம்பத்திரண்டு, இப்ப அறுபத்தொண்ணு.
ஏறின வெயிட்டு புல்லுக்கு யூஸ் ஆவுது."
நான் சிரித்தேனா என்று
திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

பக்கெட்டை எடுத்துவர உள்ளே போனேன்.
ஜன்னல் வழியாகத் தெரிந்தது:
சுவரோரம் குனிகிறாள்.
இரண்டு கையும் தரையில், விரல்கள் விரிந்து.
ஒரு கால் பின்னால் நீண்டு
ஆணிகள் சுவரின் அடிக்கல்லில் பதிகின்றன.
இடுப்பு உயர்கிறது.
எனக்கு மூச்சு எங்கோ நின்றது.

அப்புறம் விரலுக்கு முன்னாலிருந்த
ஒரு கோரையைப் பிடுங்கினாள்.
கிழங்கோடு வந்ததா என்று பார்த்தாள்.
வரவில்லை போல, மறுபடி தோண்டினாள்.

ஊற்றினோம்.
குடித்தது.
அவ்வளவு துளையும் ஒன்றாகக் குடிக்கிற சத்தம்
சோடா மூடி திறந்தது போல இருந்தது.

ராத்திரி பத்துக்கு மேலும்
படிக்கட்டில் உட்கார்ந்து
ஊக்கால் ஆணிமண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.
காலையில் ஒன்பதுக்குக் கவுண்டர்.
வடக்கே மூன்று புகைபோக்கியின் சிவப்பு விளக்கும்
எரிந்துகொண்டிருந்தது.
கொடியில் காயும் என் வெள்ளைச் சட்டையை
எடுத்து உள்ளே போட்டேன்.
புல்லை எடுத்து உள்ளே போட முடியாது.